வடிவியலைக் கட்டிப் படிப்போம்!



இந்த இதழுக்குக் கவிதை எழுதிக் கொடு, பொன்மொழி எழுதிக் கொடு என்று தோழிகள் கேட்டார்கள். ஆனால் நான் கணக்கைப் பற்றி எழுதப் போகிறேன். கணக்கு என்றதும் பக்கத்துத் தாளுக்குப் போய்விடாதீர்கள்! இதில் தீக்குச்சி இருக்கு, பந்தல் இருக்கு, கொஞ்சம் சண்டையும் இருக்கு.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பிரிவேளையில் 6, 7, 8-ஆம் வகுப்புகளுக்கு நடந்த "கட்டிப் படிக்கும் வகுப்பு" அடுத்த பருவத்தில் இருக்குமா இருக்காதா என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. பாடம் முடிக்க நேரம் போதவில்லை, அந்தப் பிரிவேளைகளைத் தேர்வுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஒன்பதாம் வகுப்பிலிருந்து உதவிக்குப் போன நாலு பேரில் நானும் ஒருத்தி. கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

இப்போது எப்படிப் படிக்கிறோம்?

வடிவியல் பாடத்தை நாம எப்படிப் படிக்கிறோம்? டீச்சர் கரும்பலகையில் வரைவார்கள். நாம நோட்டில் வரைவோம். "செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம்" என்று பத்து தடவை எழுதுவோம். தேர்வில் கோடிட்ட இடம் நிரப்புவோம். அதோடு சரி. ஏன் சமம்? சமமாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதை யாரும் கேட்பதும் இல்லை, கேட்க நேரமும் இல்லை.

செயல்பாடு செய்யுங்கள் என்று சொன்னாலும் நடப்பது என்ன? தெர்மாகோல் வாங்குகிறோம். கலர் பேப்பர் ஒட்டுகிறோம். ஜிகினா தூவுகிறோம். பாதி வீட்டில் அண்ணனோ அப்பாவோதான் செய்து கொடுக்கிறார்கள். ஒரு தாஜ்மஹால் மாதிரிக்கு எங்க தெருவில் ஒரு வீட்டில் 200 ரூபாய் செலவு செய்தார்கள். அதை வைத்து யார் என்ன கணக்குப் படித்தோம்? கண்காட்சி முடிந்ததும் அது அலமாரிக்கு மேலே போய்விட்டது. அழகாக இருந்தால் மார்க், இல்லாவிட்டால் மார்க் இல்லை. இது கைவேலை, கணக்கு இல்லை.

நான் சொல்வது வேற. ஒரு நிஜமான தேவை இருக்க வேண்டும். அதற்கு நிபந்தனைகள் இருக்க வேண்டும். வரைந்து, சின்னதாகச் செய்து பார்த்து, உடைத்துப் பார்த்து, திருத்தி, பிறகு பெரிதாகக் கட்ட வேண்டும். இன்ஜினியர்கள் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். அப்படிச் செய்யும்போது கணக்கு தானாகவே வந்து நிற்கும்.

தீக்குச்சி சொன்ன பாடம்

நம்ம ஊர்ப் பக்கம் தீக்குச்சிக்கா பஞ்சம்? கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று சுற்றிலும் தீப்பெட்டி ஆபீஸ்தான். எங்க அம்மாவும் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் வேலைக்குப் போறாங்க. அங்கே கேட்டு, மருந்து தோய்க்காத வெறுங்குச்சி ஒரு பை வாங்கி வந்தார்கள். சைக்கிள் கடையில் 30 ரூபாய்க்கு வால்வு டியூப் வாங்கினோம். அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. மூன்றாவது குச்சி சேர்க்க வேண்டுமா? கருவேல முள்ளால் டியூபில் ஓட்டை போட்டுச் செருக வேண்டியதுதான்.

இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்த்து அறிவியல் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா என்ற இன்ஜினியர் அங்கே போய் வேலை செய்தார். தீக்குச்சியையும் வால்வு டியூபையும் வைத்து வடிவங்கள் செய்யும் முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான். குப்பையில் போகிற பொருளில் விளையாட்டுச் சாமான் செய்து காட்டுகிறவர். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள்.

சரி, முதல் நாள் என்ன செய்தோம்? மூன்று குச்சியில் முக்கோணம், நாலு குச்சியில் சதுரம். இரண்டையும் மேசை மேல் வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கச் சொன்னார்கள். சதுரம் உடனே சாய்ந்து சாய்சதுரம் ஆகிவிட்டது. முக்கோணம்? எவ்வளவு தள்ளினாலும் வடிவம் மாறவில்லை. ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன், "இது மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்குப் பதில் ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. மூன்று பக்கங்களும் சமமாக இருந்தால் இரண்டு முக்கோணங்களும் சர்வசமம். ப-ப-ப என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்! மூன்று பக்கத்தின் நீளமும் தெரிந்துவிட்டால் ஒரே ஒரு முக்கோணம்தான் வரும், வேறு வடிவம் வர வழியே இல்லை. அதனால்தான் அது அசைய மாட்டேங்குது. சதுரத்துக்கு அப்படி இல்லை. நாலு பக்கமும் மாறாமல் இருந்தாலும் எத்தனையோ சாய்சதுரம் வரும். அதனால் சாய்கிறது. ப-ப-ப என்பது மார்க்குக்கு மட்டும் இல்லை, அதில் ஒரு பலம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பல பேருக்குத் தெரிந்தது.

அடுத்த கேள்வி: சதுரத்தை நிற்க வைக்க எத்தனை குச்சி கூட வேண்டும்? குறுக்கே ஒன்று போட்டால் போதும், இரண்டு முக்கோணம் ஆகிவிடும். ஐங்கோணத்துக்கு? இரண்டு. அறுகோணத்துக்கு? மூன்று. கரும்பலகையில் இப்படி எழுதினோம்.

மூட்டு 3 – குச்சி 3
மூட்டு 4 – குச்சி 5
மூட்டு 5 – குச்சி 7
மூட்டு 6 – குச்சி 9

மூட்டு ஒன்று கூடினால் குச்சி இரண்டு கூடுகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே விதியைச் சொல்லிவிட்டார்கள். மூட்டின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கு, மூன்றைக் கழி. பிறகு கணக்கு டீச்சர் சொன்னார்கள், தட்டையான சட்டத்துக்கான இந்த விதியை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி 1864-ல் எழுதியிருக்கிறாராம். ஒரு சின்ன எச்சரிக்கை: எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது, குச்சி சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஒரே சதுரத்துக்குள் குறுக்கே இரண்டு போட்டுவிட்டு, பக்கத்துச் சதுரத்தைச் சும்மா விட்டால் அது சாயத்தான் செய்யும்.

அன்றையிலிருந்து எங்கே போனாலும் முக்கோணமாகத்தான் கண்ணில் படுகிறது. ஊருக்கு வெளியே போகிற ஹைடென்ஷன் கரண்டு டவரைப் பாருங்கள், மேலிருந்து கீழ் வரை முக்கோணம். செல்போன் டவரும் அப்படித்தான். சைக்கிளில் சீட்டுக்கும் பெடலுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது முக்கோணம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் படம் கிடைத்தால் பாருங்கள். கப்பல் போவதற்காக இரண்டு கதவு மாதிரி தூக்கித் திறக்கிற பகுதி முழுக்க இரும்பு முக்கோணங்களாக இருக்கும். அதன் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். அதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே நேராக மேலே போகிறது. இவ்வளவு பெரிய வேலைக்கும் நாம் வாயில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பாடம்தான் அடிப்படை.

பந்தல் கட்டிய கதை

குச்சியோடு நின்றிருந்தால் விளையாட்டாகப் போயிருக்கும். பள்ளித் தோட்டத்தில் போன வருஷம் போட்ட புடலைப் பந்தல் ஆடிக் காத்தில் சாய்ந்து விழுந்தது எல்லாருக்கும் தெரியும். காய்த்துக் கொண்டிருந்த கொடி எல்லாம் வீண். அதனால் புதுப் பந்தல் போடும் வேலையை எட்டாம் வகுப்புக்குக் கொடுத்தார்கள். நிபந்தனைகள் நாலு.

1. காத்தடித்தால் சாயக் கூடாது.
2. செலவு 500 ரூபாய்க்குள் முடிய வேண்டும்.
3. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு முக்காலி போட்டால் காய் பறிக்க முடிய வேண்டும்.
4. நாலு பக்கமும் ஆள் நுழைந்து தண்ணீர் ஊற்ற வழி இருக்க வேண்டும்.

அளவு 12 அடி நீளம், 9 அடி அகலம், 6 அடி உயரம். முதலில் நோட்டில் 1 அடிக்கு 1 செ.மீ. என்று வரைந்தார்கள். பிறகு 1 அடிக்கு 2 செ.மீ. என்று ஈர்க்குச்சியில் மாதிரி செய்தார்கள். ஐந்து குழு, ஐந்து மாதிரி. சோதனை எப்படித் தெரியுமா? பந்தலின் மேல் மூலையில் நூல் கட்டி, மேசை விளிம்பு வழியாகத் தொங்கவிட்டு, நுனியில் சைக்கிள் கடை நட்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். காத்து பக்கவாட்டில் தள்ளுவதற்குப் பதில் நட்டு இழுக்கிறது. எத்தனை நட்டில் சாய்கிறது என்று எண்ண வேண்டியதுதான்.

குறுக்குக் குச்சியே இல்லாத மாதிரி 2 நட்டில் படுத்துவிட்டது. நீளப் பக்கம் இரண்டிலும் குறுக்கே போட்ட மாதிரி அந்தத் திசையில் ஜம்மென்று நின்றது. நூலை அகலப் பக்கம் மாற்றிக் கட்டினார்கள், 3 நட்டில் படுத்துவிட்டது! காத்து ஒரே பக்கம் இருந்தா அடிக்கும்? நாலு பக்கமும் மூலைக்கு மூலை குறுக்கே போட்ட மாதிரி எதற்கும் அசையவில்லை. ஆனால் ஆள் நுழைய வழியில்லை. நாலாவது நிபந்தனை போச்சு. கடைசியில் ஜெயித்தது, ஒவ்வொரு மூலையிலும் சின்ன முட்டு கொடுத்த மாதிரிதான். தூணில் ஒன்றரை அடி கீழே, மேல் கம்பில் ஒன்றரை அடி தள்ளி, இரண்டையும் இணைக்கிற முட்டுக்கம்பு. சின்ன முக்கோணம்தான். 11 நட்டு வரை தாங்கியது, நுழையவும் வழி இருந்தது.

அந்த முட்டுக்கம்பை எத்தனை அடிக்கு வெட்டுவது? இங்கேதான் எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம் வந்தது. ஒன்றரையின் வர்க்கம் 2.25. இரண்டையும் கூட்டினால் 4.5. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.12. அதாவது 2 அடி ஒன்றரை அங்குலம். கட்டுவதற்கு இரண்டு நுனியிலும் அரை அடி சேர்த்து வெட்டினார்கள். "வர்க்கமூலம் எதுக்கு சார் படிக்கணும்?" என்று கேட்டவர்களே மூங்கில் வீணாகக் கூடாது என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்கள்.

நாலு பக்கமும் சரி, ஆனால் செவ்வகம் இல்லை!

எனக்கு ரொம்பப் பிடித்தது குழி தோண்டக் குறி வைத்த நாள்தான். 12 அடி, 9 அடி, 12 அடி, 9 அடி என்று டேப் பிடித்து நாலு முளை அடித்தார்கள். நாலு பக்கமும் அளந்து பார்த்தார்கள், கச்சிதம். குழி தோண்டலாம் என்று கடப்பாரையை எடுக்கும்போது, வகுப்பில் வாயே திறக்காத ஒரு தங்கச்சி, "குறுக்க அளந்து பாத்துட்டுத் தோண்டலாமே" என்றாள். அளந்தார்கள். ஒரு மூலைவிட்டம் 14 அடி 6 அங்குலம். இன்னொன்று கிட்டத்தட்ட 15 அடி 6 அங்குலம். ஒரு அடி வித்தியாசம்! நாலு பக்கமும் சரி, ஆனால் அது செவ்வகம் இல்லை, இணைகரம். மூலை 90 டிகிரிக்குப் பதிலாக 86 டிகிரி பக்கம் இருந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது.

செவ்வகம் என்றால் மூலைவிட்டம் எவ்வளவு இருக்க வேண்டும்? 9-ன் வர்க்கம் 81, 12-ன் வர்க்கம் 144. கூட்டினால் 225. வர்க்கமூலம் 15. இரண்டு மூலைவிட்டமும் 15 அடி வரும்வரை முளையை நகர்த்தினார்கள். பத்து தடவை எழுதியும் மனதில் நிற்காத "செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம்" அன்றைக்கு ஒரே தடவையில் நின்றது. இப்போது எட்டாம் வகுப்பில் யாரையாவது எழுப்பிக் கேட்டுப் பாருங்கள்!

எங்க மாமா கொத்தனார் வேலை பார்க்கிறார். அஞ்சாம் வகுப்போடு நின்றவர். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "மூலை மட்டம் பாக்காம எவனாவது வானம் தோண்டுவானா பாப்பா? ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் நாலு, குறுக்க அஞ்சு வந்தா மூலை சரி" என்றார். 9, 12, 15 என்பதும் அதே 3, 4, 5-இன் மூன்று மடங்குதானே! மரவேலை செய்பவர்களும் கதவு நிலையைக் குறுக்கே இரண்டு பக்கமும் அளந்துதான் கோணல் பார்ப்பார்களாம். மாமாவுக்குத் தேற்றத்தின் பெயர் தெரியாது. நமக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நல்லா இருக்கும்!

டேப்பை யார் பிடிப்பது?

இப்போது சண்டை வந்த விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரம் மூங்கில் வந்ததும் அரிவாள், கடப்பாரை, டேப் எல்லாம் பையன்கள் கைக்குப் போய்விட்டது. பிள்ளைகள் கைக்கு வந்தது என்ன? நோட்டும் பேனாவும். "நீங்க அழகா எழுதுவீங்க, ரெக்கார்டு எழுதுங்க" என்றார்கள். கடைசியில் கூட்டிப் பெருக்குவதும் எங்க வேலை. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அது தன்னால் நடந்தது. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. தன்னால் நடப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நாங்கள் போய் டீச்சரிடம் சொன்னோம். அடுத்த வாரத்திலிருந்து அளப்பவர், வெட்டுபவர், கட்டுபவர், எழுதுபவர் என்று நாலு வேலையாகப் பிரித்து, வாராவாரம் மாற்றினார்கள். வெட்டும்போது ஒரு ஆசிரியர் பக்கத்தில் நிற்பார். சில பையன்கள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு சரியாகிவிட்டது. மூலைவிட்டத்தை அளக்கச் சொன்னாளே ஒரு தங்கச்சி, அது அவள் டேப் பிடித்த வாரம்தான். அவள் கையில் நோட்டு மட்டும் இருந்திருந்தால், அவர்கள் சொன்ன 12, 9, 12, 9-ஐ அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருப்பாள். பந்தல் கோணலாகவே நின்றிருக்கும்.

எங்க அம்மா ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான குச்சியைக் கையில் எடுக்கிறாங்க. எங்க ஊரில் முக்கால்வாசி அம்மாக்கள் அப்படித்தான். கையில் வேலை செய்வது பெண்களுக்குப் புதுசு இல்லை. ஆனால் அளந்து, திட்டம் போட்டு, "இப்படித்தான் கட்டணும்" என்று சொல்கிற வேலைதான் கிடைப்பதில்லை. அந்தப் பழக்கம் பள்ளியில் வராவிட்டால் வேறு எங்கே வரும்?

எதிர்ப்புக்கு என் பதில்

"பாடம் முடியாது" என்கிறார்கள். ஆறு வெள்ளிக்கிழமை, 12 பிரிவேளை. அதில் சர்வசம முக்கோணம், பிதாகரஸ், செவ்வகம் இணைகரம், அளவுத்திட்டம் எல்லாம் வந்துவிட்டது. அதே பாடங்களைத் திரும்ப நடத்த வேண்டிய நேரம் மிச்சம்தானே?

"மார்க் வராது" என்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வடிவியல் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். அதில் ஒத்த முக்கோணம் வரைவதும் ஒன்று. ஈர்க்குச்சிப் பந்தலைப் பெரிதாக்கி மூங்கில் பந்தல் கட்டியவர்களுக்கு ஒத்த வடிவம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனப்பாடம் செய்தவர்கள் எண்ணை மாற்றிக் கேட்டால் திகைப்பார்கள். கட்டிப் பார்த்தவர்கள் திகைக்க மாட்டார்கள்.

"செலவு" என்கிறார்கள். பழைய பந்தலின் மூங்கிலில் நல்லதைப் பொறுக்கி எடுத்தோம். கயிறும் கட்டுக்கம்பியும் குறைந்த மூங்கிலும் வாங்கியதில் மொத்தம் 430 ரூபாய். ஒரு வகுப்புக்கே அவ்வளவுதான். தெர்மாகோல் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"கட்டிப் பார்த்தால் போதுமா, நிரூபணம் வேண்டாமா?" என்று எங்க வகுப்பு அண்ணன் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நிரூபணம் கட்டாயம் வேண்டும். நாங்கள் அளந்தது ஒரு பந்தலை. உலகத்தில் இருக்கிற எல்லாச் செவ்வகத்தையும் டேப் பிடித்து அளக்க முடியுமா? நிரூபணம்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லும். ஆனால் முதலில் அளந்து ஆச்சரியப்பட்டவர்களுக்குத்தான் "ஏன்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்த பிறகு நிரூபணம் நடத்தினால் காது கொடுத்துக் கேட்பார்கள். கேள்வியே வராத இடத்தில் பதிலைக் கொட்டினால் யார் பொறுக்குவது?

கைத்தொழில் வழியாகக் கல்வி என்பது நமக்குப் புதிதும் இல்லை. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படையே அதுதான்.

என் வேண்டுகோள்கள்

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள்கள் இவை.

1. வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்த வேண்டாம். பருவத்துக்கு ஒரு கட்டுமான வேலை போதும், ஆனால் அது பள்ளிக்கு நிஜமாகத் தேவைப்படுவதாக இருக்கட்டும். அடுத்து சைக்கிள் நிறுத்த நிழல் கொட்டகை போடலாம். வாசல் படிக்கு ஒரு சாய்தளம் திட்டமிடலாம். உயரம் 1 அடி என்றால் நீளம் 12 அடி வேண்டும் என்பதுதான் சக்கர நாற்காலிக்குரிய அளவு. நம் படியின் உயரத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்!

2. கடையில் வாங்கிய மாதிரிக்கு மார்க் வேண்டாம். அழகுக்கும் மார்க் வேண்டாம். சோதனையில் எத்தனை நட்டு தாங்கியது, சாய்ந்த பிறகு என்ன திருத்தினார்கள் என்பதற்கு மார்க் கொடுங்கள். முதல் தடவை விழுந்த குழுவுக்கு மார்க் குறைக்கக் கூடாது. விழுந்ததால்தான் எங்கே முட்டு வேண்டும் என்று தெரிந்தது.

3. வேலையைச் சுழற்சியில் மாற்றுவதை விதியாகவே வையுங்கள். டேப்பும் அரிவாளும் எல்லார் கைக்கும் போகட்டும். துடைப்பமும் எல்லார் கைக்கும் போகட்டும்!

4. ஊரில் இருக்கிற கொத்தனார், மரவேலை செய்பவர் யாரையாவது பருவத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கு அழையுங்கள். அவர்கள் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு வைத்து எப்படிப் பார்க்கிறார்கள் என்று காட்டட்டும். நாம் தேற்றத்தின் பெயரைச் சொல்வோம்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வேலை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு நூலை எடுத்து உங்க வீட்டுக் கதவு நிலையைக் குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். சமமாக வருகிறதா? வராவிட்டால் எவ்வளவு வித்தியாசம்? இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். பெயர், வகுப்பு, இரண்டு அளவு எழுதுங்கள். ஐம்பது வீடு சேர்ந்ததும் அடுத்த இதழில் எத்தனை வீட்டு நிலை கோணல் என்று பார்ப்போம்!

பந்தல் இப்போது தோட்டத்தில் நிற்கிறது. புடலைக் கொடி ஏற ஆரம்பித்துவிட்டது. சந்தேகம் இருப்பவர்கள் போய் ஒரு தூணைப் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். கொடியை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள்!

வரைந்து படிப்போம்! கட்டிப் பார்ப்போம்! காரணம் கேட்போம்!



இப்படிக்கு,
உங்கள் தோழி,
ஒன்பதாம் வகுப்பு மாணவி.